ஒன்பது மார்க் வலி

வேலூரில் ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணக் குழுவில் நர்ஸாக நான் சேர்ந்தது இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில். அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் கேட்க வேண்டியவை எனக்கு மனப்பாடம்: தூக்கம், வாந்தி, சிறுநீர், மூச்சு, கடைசியாக வலி. வலிக்கு மட்டும் எண். சுத்தமாக இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. எண் ஏறினால் மார்ஃபின் ஊசி; அது அளவு மீறினால் மூச்சையே மந்தமாக்கிவிடும்.

ஆம்பூரிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். ரயில் நிலையப் படியில் வழுக்கி வலது முழங்கை நொறுங்கியதில், தகடு வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இப்படிப்பட்ட முழங்கையைச் சீக்கிரமே மடக்கி நீட்டிப் பழக்காவிட்டால் இறுகிவிடும். கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டுமா என்பதுதான் அவருடைய கவலை.

ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம் நான் போனபோது கண் செருகிக் கிடந்தார். மூச்சு மெதுவாக வந்துகொண்டிருந்தது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட், எழுப்ப முடியாமல் திரும்பிப் போயிருந்தார்.

"டீச்சர், வலி இப்ப எவ்ளோ?"

"ஒம்போது."

வார்டு நர்ஸ் அடுத்த ஊசியை எடுக்கத் திரும்பினார். ஒன்பது என்று சொன்ன முகத்திலோ ஒரு சுளிப்புகூட இல்லை.

"ஒம்போதுன்னா உயிர் போற மாதிரி இருக்குதா?"

டீச்சர் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தார். "இன்னாம்மா கேக்கற? உயிர் போனா ஒம்போது மார்க் போடுவனா? நல்லாத்தான் இருக்குது. வாந்திக்கு ஒண்ணு கொறச்சேன்."

"ஐயோ டீச்சர், நீங்க மார்க் போடப் போட நாங்க ஊசி போட்டுட்டே இருக்கோம்!" என்றார் வார்டு நர்ஸ்.

"நேத்து ரெண்டுதான் போட்டேன். ஒருத்தரும் கண்டுக்கல. ரெண்டுன்னா ஃபெயிலும்மா."

துடித்தபோது மருந்து இல்லை. வலி அடங்கிய பிறகு மருந்துமேல் மருந்து. மயக்கவியல் டாக்டரம்மா வந்ததும் மார்ஃபினை நிறுத்தினார். ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீராகும்வரை கூடவே இருந்து பார்த்தோம்.

காலையில் தெளிவு வந்தது, கூடவே வலியும். "இப்ப உங்க கணக்குப்படியே சொல்றேன். எட்டு. கெட்ட எட்டு," என்றார் டீச்சர். கையைத் தொடவே விடவில்லை.

கைக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைக்க, டாக்டரம்மா டீச்சரின் வலது காறையெலும்புக்குக் கீழே ஓர் ஊசியை இறக்கினார். அதோடு இணைந்த கருவி மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பும்; நரம்பை நெருங்கினால் விரல்கள் தாமாக அசையும். இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் கட்டுக்கு வெளியே தெரிந்த அந்த விரல்கள் மடங்கி விரிந்து, மறுபடி மடங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"நான் அசைக்கலம்மா!" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். கரண்ட்டு."

"பசங்ககூட இப்டி சொன்ன பேச்சு கேக்கமாட்டாங்க."

மரத்துப்போகும் மருந்து ஊசி வழியே உள்ளே போனது. நூல் போன்ற ஒரு குழாய் அங்கேயே தங்கியது, சொட்டுச் சொட்டாக மருந்து தொடர்ந்து இறங்குவதற்கு. கொஞ்ச நேரத்தில் டீச்சர் இடது கையால் வலது கையைத் தொட்டு, "யாரு கை இது?" என்று கேட்டார். டாக்டரம்மா விரல்களின் நிறத்தையும் நாடியையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிசியோதெரபிஸ்ட் முழங்கையை மெதுவாக மடக்கினார். டீச்சர் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். வலி வரவில்லை. கண் தெளிவாக இருந்தது, மூச்சு நிதானமாக இருந்தது. ஒரு மனுஷியை முழுசாக விழிக்கவிட்டு, வலியை மட்டும் தூங்கவைக்க முடிகிறது. நான் குறிப்பு எழுதவே மறந்து நின்றேன்.

அடுத்த நாள் குழாயில் போகும் மருந்தைக் குறைத்ததும் கைக்குப் பலம் திரும்பியது. வாய்வழி பாராசிட்டமால் மட்டும் தொடர்ந்தது. மார்ஃபின் தேவைப்படவில்லை.

"இன்னிக்கு நீங்களே மடக்குங்க," என்றார் பிசியோதெரபிஸ்ட்.

கை நடுங்கியபடி எழுந்து, பாதியில் நின்று, மறுபடி எழுந்தது. மூக்கு நுனிக்குச் சரிந்திருந்த கண்ணாடியைத் தன் வலது கை விரலாலேயே மேலே தள்ளிவிட்டுக்கொண்டு டீச்சர் எங்களைப் பார்த்தார்.