டுரியான் பூவுக்கும் வௌவாலுக்கும் நடுவில் ஒரு வலை

டுரியான் பழம் தின்ன ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. நான் பூவைப் பார்க்கப் போனேன். கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் அக்கா மார்ச் மாதம் போன் செய்து, "ரெண்டு மரமும் பூத்திருக்கு. இந்த வாட்டியும் காய்க்கலன்னா வெட்டிட்டு, லோரி நிறுத்த எடத்த வாடகைக்கு வுடப்போறாரு ஒங்க மாமா" என்றாள்.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு முதலில் பத்துமலைக்கு ரயில் ஏறினேன். அரை மணி நேரம், மூன்று ரிங்கிட்டுக்கும் குறைவு. படிக்கட்டு ஓரத்து இருட்டுக் குகை மூடியிருந்தது. வௌவால் எச்சத்தின் வாடைதான் தரிசனம்.

இந்தக் குகை வௌவாலும் டுரியானும் எதிரெதிர்ப் பிறவிகள். மரம் நட்ட இடத்தை விட்டு நகராது, வௌவால் தேனுக்காகப் பல மைல் பறக்கும். ஆனால் நேரம் மட்டும் இருவருக்கும் ஒன்று: பொழுது சாயும்போது பூ விரியும், வௌவால் கிளம்பும். மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோவது அதுதான்.

திரும்பி வந்து கிள்ளானுக்கு ரயில், அங்கிருந்து மேருவுக்குக் காரில் பத்து கிலோமீட்டர் போல. "டுரியான் சீசன் இன்னும் வரலயே பாஸ்" என்று டிரைவர் சிரித்தார்.

இறங்கியதும் நேரே மரங்களைப் பார்க்கப் போனேன். மாமா இரண்டையும் வலையால் போர்த்தியிருந்தார். ஒரு வௌவால் சிக்கிச் செத்துக் காய்ந்திருந்தது.

"காலைல பாத்தா பூவெல்லாம் கீழ கொட்டிக் கெடக்கு. ராத்திரி வௌவால் சுத்துது. வேற யாரு தின்னுருப்பா?" என்றார் மாமா.

மறுநாள் காலை அவரை மரத்தடிக்கு அழைத்துப் போனேன். வலைக்குள்ளேயே இதழ்கள் கொட்டிக் கிடந்தன. "பாருங்க மாமா, பூவோட ஆயுசே ஒரு ராத்திரிதான். அதுவா உதிருது. வலைய எடுத்துடுங்க."

"வலை கட்டறதுக்கு முன்னாடி காய்ச்சிச்சுதானே?" என்றாள் அக்கா மெதுவாக.

"இத்தன வருசமா மரம் வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா லா?" என்று மாமா உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

போகிறவர்களுக்கு: பூ பார்க்க மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். வெளிச்சம் அடிக்காதீர்கள். மேருவுக்குப் போக வேண்டாம், அங்கே இப்போது லோரிகள் நிற்கின்றன.

வலை வீணாகவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று மாமா அதைப் பக்கத்து வீட்டு டுரியானுக்குக் கொடுத்துவிட்டாராம்.