பெய்த மழையும் சொன்ன மழையும்

வானிலை நிலையத்தில் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. மிச்சப் பொழுதெல்லாம் ஊருக்குப் பதில் சொல்வது. யாழ்ப்பாணத்திலோ வேறெங்கோ இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது.

இரண்டு மைல்

இணுவிலில் தோட்டம் செய்கிற செல்லத்துரை அண்ணை ஒருநாள் வந்து, விளைந்த வெங்காயத்தைக் கிண்டி எடுக்கலாமா என்று கேட்டார். கொழும்பிலிருந்து வந்த அறிக்கை மழை இல்லை என்றது. அதையே சொன்னேன். அவர் கிண்டிக் காயப் போட்டார். அடுத்த நாள் பின்னேரம் ஒரே ஒரு முகில் வந்து, இணுவில் பக்கத்தில் முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் போனது. வெங்காயம் அழுகிவிட்டது.

அவர் சண்டைக்கு வரவில்லை. மழைமானியைக் காட்டச் சொன்னார். இரண்டு மைல் தள்ளியிருந்த எங்கள் போத்தலில் ஒரு துளியும் இல்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, உம்மடை போத்தில் பொய் சொல்லேல்லை. என்ரை தோட்டம் உதுக்குள்ளை இல்லை, அவ்வளவுதான்.”

ஒரே குரல்

கார்த்திகையில் புயல் எச்சரிக்கைத் தந்தி வந்தால் நான் சைக்கிளில் மீனவர்கள் இருக்கும் குருநகருக்குப் போய், கடற்கரையில் நின்று வாசிக்க வேண்டும். ஒருமுறை அப்படி வாசித்தேன். மூன்று நாள் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. மூன்று நாளும் வெயில் எறித்தது. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு தந்தி வந்தது. அதையும் வாசித்தேன். பலர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். யேசுதாசன் என்ற மீனவர் சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினார். வள்ளம் மட்டும் கரை சேர்ந்தது.

அவருக்காகத் தேவாலயத்தில் வைத்த முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவருடைய மனைவி றோசலின் கதிரை போட்டு இருத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, முதல் தரம் சொன்னது பிழைச்சது. கடல் எண்டால் பிழைக்கும். ரெண்டாந்தரமும் ஏன் அதே குரலிலை வாசிச்சனீங்கள்? முந்திப் பிழைச்சது, எண்டாலும் பயமாக் கிடக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அவர் நிண்டிருப்பார்.”

கடலுக்குள் யாழ்ப்பாணம்

எண்பதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிவகௌரி என்ற இளம் அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். உலகத்தைப் பெரிய சதுரங்களாகப் பிரித்து, காற்றையும் வெப்பத்தையும் கொடுத்தால், எந்தச் சதுரத்தில் எவ்வளவு மழை என்று கம்பியூட்டர் கணக்கிட்டுத் தருமாம். அது சரியா என்று எங்கள் பதிவேடுகளோடு ஒப்பிட வந்திருந்தார்.

கம்பியூட்டரின் கணக்கில் எங்கள் சதுரம் முழுக்கக் கடலாக இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு அதன் கண்ணில் படாத அளவுக்குச் சின்னது. அந்தக் கடலில் கம்பியூட்டர் ஆடி மாதத்திலும் நாள்தோறும் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் மண்ணோ மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், பிறகு கார்த்திகையில் மழை வெள்ளமாக வரும். ஆனாலும் வருட மொத்தம் ஏறக்குறையச் சரியாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னார். எங்கள் பியோன் கனகசபை, தோட்டமும் செய்கிறவர், கேட்டுக்கொண்டு நின்றார்.

“பிள்ளை, பயிர் வருசக் கணக்கிலை தண்ணி குடிக்கிறேல்லை.”

சிவகௌரி அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஏழு நாள்

சிவகௌரி பதிவேடுகளைப் படியெடுத்துக்கொண்டே என் கையெழுத்துள்ள ஒரு பக்கத்துக்கு வந்தபோது அவரை நிறுத்தச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்த கிழமையில் என் மனைவி தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் மழைமானியைத் திறக்கவே இல்லை. நிலத்தின் ஈரத்தைப் பார்த்து ஏழு நாளுக்கும் மனம்போல எழுதியிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன், வேலை போனாலும் போகட்டும் என்று.

அவர் ஏழு வரிகளையும் வெட்டினார். மனைவி சுகமா என்று கேட்டார். ஓம், சுகம் என்றேன்.

“நல்லது ஐயா. சொல்லாமல் விட்டிருந்தால், உங்கடை பிழைக்கு நான் மெசினைத் திருத்திக்கொண்டு இருந்திருப்பன்.”

வானத்தைப் பற்றி ‘எனக்குத் தெரியாது’ என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழக எனக்கு ஒரு உத்தியோக காலம் முழுவதும் பிடித்தது. பழகி முடிக்கிற நேரம் ஓய்வூதியக் கடிதம் வந்துவிட்டது.