எழுவாயைக் கேட்ட மேகலா டீச்சர்

கிள்ளான் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: எங்கள் பள்ளி கேன்டீன் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றில் முட்டை பாதியாகக் குறைக்கப்பட்டது. இதை வகுப்பு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அடுத்து வந்தது கவிதாவின் செய்தி: "டேய், மேகலா டீச்சர் இறந்துட்டாங்க."

டீச்சரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் 'குறைக்கப்பட்டது' உறுத்தியிருக்கும். எங்கள் தமிழ்க் கட்டுரையில் செயப்பாட்டு வினை வந்தால் சிவப்பு வட்டம்தான். "எழுவாய் எங்கடா? முட்டை தானாவா பாதியாச்சு?" என்பார். "எழுவாய் இன்னும் எழவே இல்லை டீச்சர், தூங்குது" என்று ஒருமுறை சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வட்டம் போட்டார்.

போன ஆண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: 'தமிழ் வகுப்பு சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது.' டீச்சருக்கே அன்றுதான் தெரியும். அலுவலக வாசலில் துணை முதல்வரை நிறுத்தினார்.

"மீட்டிங்ல முடிவாயிடுச்சு டீச்சர்."

"யார் முடிவு பண்ணது சார்?"

"எல்லாரும் ஓகே சொன்னாங்க லா."

"ஒரு பேர் சொல்லுங்க, போதும். மேருவிலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்குச் சனிக்கிழமை பஸ் இல்ல. அவங்க வீட்டுல யார் கேட்டது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டீச்சர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஒன்றாக உட்கார வேண்டும். யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று எல்லாரும் பார்க்க எழுத வேண்டும். "எனக்கு எதிரா முடிவானாலும் சரி, யாரோட முடிவுன்னு தெரியணும்." கூட்டம் போடுவதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் அறிவிப்பின் குறுக்கே சிவப்பு மார்க்கரில் 'எழுவாய் எங்கே?' என்று எழுதிய வீரன் அடியேன்தான். பள்ளியே அதைப் பற்றிப் பேசியது. ஹீரோ போல நடந்தேன்.

கூட்டம் நடக்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு முதலில் பாதிப் பேர் வந்தார்கள், பிறகு நான்கு பேர். பிறகு வகுப்பே இல்லை. டீச்சரின் இறுதிச் சடங்குக்குப் பள்ளி அனுப்பிய மலர்வளையத்தில் 'இரங்கல் தெரிவிக்கப்படுகிறது' என்றிருந்தது. அங்கேயும் பெயர் போட ஆளில்லை.

ஹீரோ போல நடந்தேன் என்றேன் அல்லவா? கழிவறைக் கண்ணாடி முன்னால்தான். பலகையில் எழுதியது டீச்சர் என்று முடிவுகட்டி அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதைச் சாக்காக வைத்தே கூட்டத்தையும் கைவிட்டார்கள். மூன்று வருடம் என் கோணல் 'ழ'வைத் திருத்தியவருக்கு என் கையெழுத்து தெரியாதா? "எழுதினவங்களே வந்து சொல்லட்டும் சார்" என்று மட்டும் சொன்னாராம். நான் போகவில்லை. அவர் என்னிடம் விட்டுச்சென்றது, எனக்காக அவர் காத்திருந்த அந்த நாள்கள்.

துணை முதல்வர் சார், எழுதியது நான். படிவம் ஐந்து மாணவன், தினேஷ்.