அருளப்பு அண்ணையின் காரில் அகப்பட்ட அல்பம்

அன்று காலை வேலைக்குப் போக, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நின்றேன். அருளப்பு அண்ணையின் கார் பனி மூடியபடி அங்கேயே நின்றது. அவரைத்தான் காணவில்லை. ஒருநாளும் பிந்தாத மனிதர். இன்றைக்காவது பிந்தியதற்கு அவருக்கு நாலு கதை சொல்லலாம் என்ற சந்தோசத்தில் டெலிபோன் எடுத்தேன். அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா அழுதுகொண்டு சொன்னார்: "தம்பி, அவர் எழும்பேல்லை."

அவருடைய காரில் ஒருமுறையாவது ஏறியவர்களுக்கு அந்த அமெரிக்கப் பாட்டு அல்பம் நினைவிருக்கும். கோயிலுக்கோ, கலியாணத்துக்கோ, திறப்பைத் திருகிக் காரைக் கிளப்பியவுடன் ஒரு கூட்டம் ஹிப் ஹொப் பாடகர்கள் ஆளுக்காள் பாய்ந்து விழுந்து கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். சத்தத்தைக் குறைக்கலாம், சீடியை வெளியே எடுக்க முடியாது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோன்றியில் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை நேரம். வருடக்கணக்காக நான் அந்த முன்சீட்டில் கைதி.

அல்பம் மகன் டெனிஸ் வாங்கியது. அகப்பட்டதற்குக் காரணம் அண்ணை. சமாதான காலத்தில் மன்னாரிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணையின் தாய் தன் குரலைப் பதிந்து ஒரு சீடி கொடுத்துவிட்டிருந்தார். டெலிபோன் கடையில் சனம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், மனதில் கிடப்பதை அங்கே வைத்துச் சொல்ல முடியாது என்பது அந்த மனுசியின் குறை. தனிமையில் கேட்கவென்று அண்ணை அதைக் காருக்குக் கொண்டுபோனார். கசெட்டோடு வளர்ந்த மனிதர். உள்ளே மகனின் சீடி கிடப்பது தெரியாமல், தாயின் சீடியை அதன் மேலேயே விரலால் தள்ளிவிட்டார். இரண்டும் இறுகிப்போயின. கீழே கிடந்தது பாடியது. மேலே கிடந்தது வாய் திறக்கவில்லை.

ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு கராஜில் காட்டினோம். கழற்றலாம், ஆனால் எது உடையும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அண்ணை திறப்பைத் திருப்பி வாங்கிவிட்டார். "உடைஞ்சா இல்லையெண்டு ஆயிடும். இப்ப இருக்குதுதானே" என்றார்.

தாய் டெலிபோனில் வரும்போதெல்லாம் கேட்பார்: "கேட்டியே மோனை?"

"ஓம் அம்மா, கேட்டனான்."

பிறகு லோன்றியில் துணி மடிக்கும்போது அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியாது.

சண்டை மறுபடி தொடங்கிப் பாதைகள் அடைபட்டிருந்த நேரம் அந்தத் தாய் இறந்துபோனார். அண்ணையின் கையில் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். "இந்தப் பத்திரத்தோடை உலகமெல்லாம் போகலாம், அம்மாட்டை மட்டும் போக ஏலாது" என்பார். செத்த வீட்டில் நாங்கள் றேடியோகூடப் போடுவதில்லை. ஆனால் அன்று பின்னேரம், மேலே வீட்டில் சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, கீழே காரிலிருந்து அமெரிக்கர்களின் சத்தம் கேட்டது. தாய் செத்த அன்று பாட்டுப் போடுகிறாரே என்று எல்லோருக்கும் கோபம். என்னைப் பிடித்துக் கீழே அனுப்பினார்கள்.

"அண்ணை, இதென்ன வேலை? நிப்பாட்டுங்கோ."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது நிண்டா அம்மாவும் நிண்டிடுவா. ரெண்டும் சேர்ந்துதானே சுத்துது."

நான் ஏறி என் இடத்தில் இருந்தேன். பாட்டைக் காட்டிச் சொன்னார்: "இவங்களைப் பார். ஒருத்தனுக்கு மூச்சு முட்டேக்கை மற்றவன் அந்த வரியை வாங்கிச் சொல்லுறான். எனக்கு ஆரடா இருக்கினம்? போகாததுக்கு அம்மா என்னை மன்னிச்சாவோ இல்லையோ, அதுகூடத் தெரியேல்லை." கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு அந்த அல்பம் முடியும்வரை இருந்தோம்.

அண்ணையை அடக்கம் செய்தபிறகு, காரை உடைக்கக் கொடுப்பதற்கு முன், டெனிஸ் அதே கராஜுக்குக் கொண்டுபோனான். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, இரண்டு சீடியும் முழுசாக வெளியே வந்தன. யாரில் என்று தெரியாத ஆத்திரம் எனக்கு வந்தது.

மெற்றில்டா அக்கா வீட்டில் தாயின் சீடியைப் போட்டோம். முதலில் ஒரு இருமல். பிறகு குரல்.

"கேக்குதே மோனை? நீ வரேல்லை எண்டு நான் ஒருநாளும் கோவிச்சதில்லை. நான் செத்தாலும் வந்திடாதை ராசா, உன்னைப் பிடிச்சிடுவாங்கள். பெண்சாதி பிள்ளையோடை அங்கையே இரு. இதை நீ கேட்டிட்டாய் எண்டாப் போதும், நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்."

‘கேட்டனான்’ என்று அண்ணை சொன்ன பொய்யில் அந்தத் தாய் நிம்மதியாகப் போயிருக்கிறார். நிம்மதி கிடைக்காமல் போனது அண்ணைக்குத்தான்.

தாயின் குரல் அந்த வீட்டுக்குரியது. அல்பத்தை டெனிஸ் என்னிடம் தந்தான். எங்கும் கீறல், ஆனாலும் பாடுகிறது. அண்ணையின் பொருளாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்றைக்கும் அவர்கள் சொல்வதில் ஒரு வரிகூட எனக்கு விளங்காது. நேற்று வேலையால் வந்து அதைப் போட்டேன். மேலே அந்தத் தாயின் சீடி இல்லாமல் அது தனியே சுற்றியது. ஒருவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் குறுக்கே புகுந்து சத்தமாகவே சொன்னேன்:

"அம்மா கோவிக்கேல்லையாம், அண்ணை."