செவன்ரி ஃபைவ் ஓம்

குணம் அண்ணை போய்விட்டாராம். காலையில் கோப்பி குடிக்கும்போது வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்தது.

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், "பொய் பேசாத மனிதர்" என்று. உண்மைதான்... பொய் பேசமாட்டார்.

1986. கனடாவில், ஒஷாவாவில் பழைய ட்ரெயிலர் திருத்தும் யார்ட் ஒன்றில் இரண்டு பேருக்கும் வேலை. காருக்குப் பின்னால் கொளுவி, லீவுக்கு இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தச் சின்ன வீடுகள். என் முதல் குளிருக்கு ஜாக்கெட் தந்தவர் அண்ணைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். வெள்ளிக்கிழமை வேலைக் கடிதம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தான். அது இருந்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடலாம்.

வியாழக்கிழமை ஒரு கிழட்டு ட்ரெயிலர் வந்தது. உள்ளே முழுக்கப் பலகைச் சுவர், சொந்தக்காரனுக்கு அதுதான் உயிர். ரிவி அன்ரெனா வயரை மாற்ற வேண்டும்.

சுவரில் கை வைக்காமல் மாற்ற ஒரு வழி இருந்தது. உள்ளே பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்ட வேண்டும். கூரையில் நின்று பழையதை இழுத்தால் புதியது சுவருக்குள்ளால் பின்னாலேயே வரும். கட்டாமல் இழுத்தால் கதை முடிந்தது.

நான் கூரையில். அண்ணை உள்ளே.

"அண்ணை, கட்டியாச்சோ? இழுக்கட்டோ?"

"...ஓம்!"

இழுத்தேன். பழைய வயர் மொட்டையாக என் கைக்கு வந்தது.

அதே நேரம், புது வயர் எத்தனை ஓம் என்று முதலாளி வெளியே நின்று கேட்டிருக்கிறான். இவர் பெட்டியைப் பார்த்து "செவன்ரி ஃபைவ் ஓம்" என்று கத்தியிருக்கிறார். காற்றில் எனக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் கேட்டது. எங்கள் காதுக்கு ஓம் என்றால் ஓம்தானே...

சுவரைக் கழற்றும்போது பலகை வெடித்தது. இழுக்கச் சொன்னது நீயா என்று முதலாளி அண்ணையைக் கேட்டான்.

"நோ."

அவ்வளவுதான். எங்கள் பாஷையில் ஓம் என்றால் யெஸ் என்று விளங்கப்படுத்த எனக்கு அப்போது இங்கிலிஷ் காணாது. அண்ணைக்குக் காணும். சொல்லவில்லை. அன்றைக்கே என்னை வேலையால் நிற்பாட்டினார்கள். கடிதமும் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். "தம்பி, நான் பொய்யே சொன்னனான்?"

வேறு வேலை தேடி, புதுக் கடிதம் எடுத்து, அவர்கள் வந்துசேர ஒன்றரை வருடம் பிடித்தது. ஏர்போர்ட்டில் மகள் தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டாள். "அம்மா, உவர் ஆர்?"

அந்த "நோ" இன்றைக்கும் கசக்கிறது.

போன வருடம் அஜின்கோர்ட்டில் ஒரு கலியாணவீடு. அண்ணை பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, உமக்கு இன்னும் என்னோடை கோவமோ?"

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.

நீங்கள் கேட்டதுக்குப் பதில்... ஓம்.