கனகராஜின் குறுக்குப் பேச்சு

கோட்டூர்புரத்தில் அடையாற்றைப் பற்றி ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. அங்கே ஒலிப்பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் ஜவஹர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் அப்பாவுக்கு ரெடிமேட் கடை. பிள்ளை கல்லாவில் உட்காருவான் என்று பார்த்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் திரிகிறான் என்று வீட்டில் இன்றுவரை பொருமல்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. வேலையில் அப்படி ஒரு சுத்தம். அந்தச் சுத்தம்தான் அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

அருங்காட்சியகத்தில் ஒரு தொடுதிரை வைத்தார்கள். ஆற்றங்கரையின் பழைய படம் அதில் விரியும். ஒரு குடிசையைத் தொட்டால் அங்கே வாழ்ந்தவரே பேசுவார். கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் கொட்டாவி விடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கே முண்டியடித்தார்கள். வெள்ளம் எந்தப் பக்கமாக ஏறியது, எந்த மீன் எப்போது கிடைத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு டீச்சரையே மடக்கினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைகள் அதிகம் கேட்டது செண்பகத்தின் குரலை. கரையில் குடிசைகளை அகற்றியபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவர். ஜவஹர் அங்கே போய்த்தான் பதிவு செய்தார். செண்பகம் பேசப் பேச, பின்னால் கட்டிலில் படுத்திருந்த புருஷன் கனகராஜ் சும்மா இருந்தால்தானே. வருஷத்தைத் திருத்துவார், இருமுவார், ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு குரல் தொண்ணூறு விநாடியைத் தாண்டக் கூடாது என்பது அருங்காட்சியகத்தின் சட்டம். தாண்டினால் பிள்ளைகள் அடுத்த குடிசைக்குத் தாவிவிடும். ஜவஹர் மூன்று நாள் உட்கார்ந்து கனகராஜை இடம் இடமாக வெட்டி எடுத்தார். முழுப் பதிவையும் தனியே பத்திரப்படுத்த வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் இடமில்லை. குறுக்குப் பேச்சுதானே என்று அழித்துவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை செண்பகம் இரண்டு பஸ் மாறி வந்து நின்றார். தன் குடிசையைத் தொட்டுக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார். நாலாவது தடவை முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"நடுவுல அவரு பேசுவாரே சார், அது எங்க கீது? தை மாசம் பூட்டாரு. போட்டோ கீது, குரலுதான் எங்கயும் இல்ல."

ஜவஹர் அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். "வேற மிஷின்ல இருக்கும்மா, தேடித் தர்றேன்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டார்.

பத்து நாள் தேடினார். ஒரு இருமல்கூட மிஞ்சவில்லை. சோறு இறங்கவில்லை. மனைவி மதுமதி விஷயத்தைக் கறந்துவிட்டு, "போய் நேர்ல சொல்லுங்க. அந்தம்மா நம்பிக்கிட்டு இருக்கும்லா" என்றாள்.

பெரும்பாக்கத்துக்குப் போனார். கனகராஜின் கட்டில் இப்போது நிமிர்த்திச் சாத்தியிருந்தது.

"நான்தாம்மா வெட்டினேன். முழுசையும் அழிச்சிட்டேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

செண்பகம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "என்னுத எடுத்துட்டு அவருத வுட்டிருக்கலாமே சார். நான் உசுரோடதான கீறேன்" என்றார். பிறகு, "வெட்றப்ப நீ கேட்டிருப்பியே. இன்னாதான் சொன்னாரு?" என்றார்.

மூன்று நாள் திரும்பத் திரும்பக் கேட்ட மனுஷன். எங்கே வெட்டலாம் என்றே காதைத் தீட்டியிருக்கிறார், பேச்சைக் கவனிக்கவில்லை. மண்டையைக் குடைந்ததில் ஒன்றே ஒன்று வந்தது.

"'தண்ணி குடிச்சிட்டுப் பேசுமே'ன்னு சொன்னாரும்மா."

"அப்டியா சொன்னாரு?" செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பேசிக்கினே இருந்துட்டேன். காதுலயே வுழல. இன்னொரு தபா சொல்லு சார்."

சொன்னார்.

"அவரு சொன்னாப்புல சொல்லு."

ஜவஹர் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை இறக்கிச் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக் கேட்ட செண்பகம் தலையை ஆட்டினார்.

"இல்ல சார். அது நீதான்."