மிஷின் சத்தம் இல்லாத பாட்காஸ்ட்

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழ் டீச்சர் பாட்காஸ்ட் செய்துவரச் சொன்னார். வீட்டில் ஒருவருடைய வேலையைப் பற்றி அவர்களையே பேசவைத்துப் பதிவுசெய்ய வேண்டும். எது நன்றாக வருகிறதோ அதை அசெம்பிளியில் மைக்கில் போடுவார்கள். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டேன். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சார்ஜாவில் வேலை பார்த்தார். ஆகவே கைக்கு எட்டியது அம்மாவும் அவருடைய தையலும்தான்.

பின்னணியில் சத்தமே இருக்கக்கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. காரைக்குடியில் எங்கள் தெருவில் அது லேசுப்பட்ட காரியமில்லை. மின்விசிறியை நிறுத்தினேன். தம்பியைக் கடலைமிட்டாய் கொடுத்து வெளியே அனுப்பினேன். மீன்காரரைத் தெருமுனையிலேயே மறித்தேன்.

"அண்ணே, அங்குட்டுப் போயி கூவுங்க. இங்குட்டு ரிக்கார்டிங் நடக்குது."

"வீட்டுக்குள்ள ரேடியோ ஸ்டேசனு வச்சிருக்கீகளோ?" என்று கேட்டாலும், மனிதர் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப்போனார்.

மிச்சமிருந்தது அம்மாவின் தையல் மிஷின். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜாக்கெட் துணிகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். தெரு முழுக்கக் கேட்கப் பேசுகிறவர், போனை நீட்டியதும் வாயடைத்துப் போனார். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், "தைக்கிறேன்" என்றார். அப்புறம் என்றால், "ஜாக்கெட்டு தைக்கிறேன்" என்றார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் புடவையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது.

கடைசியில் பொறுமையிழந்து மிஷினுக்கே திரும்பிவிட்டார். கால் மிதிக்கத் தொடங்கியதும் வாயும் திறந்துகொண்டது.

"கல்யாணத்தப்பத் தச்ச ஜாக்கெட்டத்தான் அளவுக்குக் கொண்டாருவாக. பெருத்துட்டீகன்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? அதே அளவுக்கே தச்சு, உள்ளுக்குள்ள துணி விட்டு வச்சுருவேன். புடிக்குதுன்னு வந்து நிப்பாக. தையலப் பிரிச்சு விட்டாச் சரியாப் போகும். ஒங்க கைராசியே ராசிம்பாக."

நான் மூச்சுக்காட்டாமல் பதிவுசெய்தேன். இரைச்சலை நீக்கும் ஆப் ஒன்றைப் பிடித்து, ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டி, மிஷின் சத்தத்தைத் துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தேன். அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. ஆனால் என்ன, அசெம்பிளியில் ஒலித்தது என்னுடையதுதான். பள்ளிக்கூடமே கைதட்டியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்த கணக்கு டீச்சர் போட்டிருந்த ஜாக்கெட்டும் எங்கள் வீட்டில் தைத்ததுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே பாட்காஸ்ட்டை அத்தாவுக்கு அனுப்பினேன். ஆகா ஓகோ என்று புகழ்வார் என்று பார்த்தால், வாய்ஸ் மெசேஜில் இவ்வளவுதான் வந்தது: "நல்லாருக்கும்மா. மிசினுச் சத்தத்தக் காணோமே? அது இருக்குறது இருந்தா அனுப்பும்மா."

நான் பட்ட பாடு என்ன, இவர் கேட்பது என்ன! அத்தாவுக்குப் பாட்காஸ்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி, துடைக்காத பதிவை அனுப்பிவைத்தேன்.

அம்மாவோ அத்தாவின் மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. தட்டுகள் உரசின, அறையில் யாரோ இருமினார்கள். என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"குடுங்கம்மா. அத்தா கொரல் மட்டும் கேக்குற மாதிரி சுத்தம் பண்ணித் தாரேன்."

அம்மா போனை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"தொட்டுறாத! ஒரு சத்தத்தையும் எடுக்க வேணாம்."

அம்மா என்னை அப்படி அதட்டியதே இல்லை. ஊரே கைதட்டிய வேலை, இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஏன் பிடிக்காமல் போனது என்று நினைத்து நினைத்து அன்று வெகுநேரம் அழுதேன்.